மடத்து ஜீப்பின் கியர் பெட்டி

மடத்து ஜீப் மூன்றாவது கியரில் நிற்க மறுத்தபோது மடத்தில் இரண்டு கட்சி உண்டாயிற்று.

வேறு கியர் பெட்டி வாங்கி மாட்டிவிடலாம் என்றது ஒரு கட்சி. அதில் எல்லோரும் இருந்தார்கள். இருக்கிற பெட்டியையே பிரித்து வேலை பார்க்க வேண்டும் என்றது இன்னொரு கட்சி. அதில் இசக்கியம்மாள் மட்டும் இருந்தாள்.

இசக்கிதான் அந்த ஜீப்பை ஓட்டுபவள். மடம் மலையடிவாரத்தில் இருந்தது. மலைமேல் உள்ள குடியிருப்புக்கு அரிசி ஏற்றிப் போவதும், அங்கிருந்து நோயாளிகளையும் பிள்ளைத்தாய்ச்சிகளையும் ஆஸ்பத்திரிக்கு இறக்கி வருவதும் அந்த ஒரே வண்டி. அவளுக்கு முன்னால் மூத்த சீடர் மாசிலாமணி பல வருஷம் அதை ஓட்டினார். போன வருஷம் அவர் கண்ணில் புரை விழுந்த பிறகு சாவி இவள் கைக்கு வந்தது. அவருக்கு அது இன்றுவரை செரிக்கவில்லை.

"என் கையில இருந்தவரைக்கும் ஒரு குறை உண்டா? பொம்பளை கைக்குப் போச்சு, பெட்டியும் போச்சு" என்றார் பந்தியில். "வேற பெட்டி மாட்டுவோம். அப்படியே வேற ஆளையும் போடுவோம்."

ஒருவர் மோர் கேட்டார்.

இசக்கி இலையை மூடிவிட்டுக் குருவிடம் போனாள். குரு, துறவுக்கு முன்னால் பேருந்துப் பணிமனையில் வேலை பார்த்தவர். வயதில் அவளுக்கு இளையவர். அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"சாமி, பெட்டியைப் பிரிக்கணுமா, மாத்தணுமா?"

"நீ என்ன சொல்லுதே அக்கா?"

"பிரிக்கணும்."

"ஏன்?"

"மாத்தினா வண்டி ஓடும். பிரிச்சாத்தான் ஏன் ஓடலைன்னு தெரியும்."

"ஏன் ஓடலைன்னு தெரியணுமா, யாரால ஓடலைன்னு தெரியணுமா?"

"ரெண்டும்தான். இதுல நான் என்னத்துக்கு வெட்கப்படணும்? பழி என் மேல விழுந்திருக்கு. பழியையும் சேர்த்துக் காயலான் கடையில போட்டுட்டா, அது கழுவின மாதிரி ஆயிருமா?"

குரு சிரித்தார்.

"உள்ளே உன் தப்பும் கிடந்தா?"

இசக்கி கொஞ்சம் யோசித்தாள்.

"கிடந்தா அதையும் வெளியே எடுத்து வைங்க."

மறுநாள் காலை குரு எல்லோரையும் ஜீப்பருகே அழைத்தார். மாசிலாமணியை ஓட்டுநர் இருக்கையில் ஏறி உட்காரச் சொன்னார்.

"மலை ஏறும்போது எப்படி உட்காருவீங்க அண்ணாச்சி? அப்படியே உட்காருங்க."

மாசிலாமணி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்தார். வலது கை ஸ்டியரிங்கைப் பிடித்தது. இடது கை தானாகவே போய்க் கியர் கம்பியின் குமிழ்மேல் அமர்ந்தது.

"மலையில கை கியரை விட்டு நகரக் கூடாது சாமி. எனக்கு எங்க வாத்தியார் சொல்லிக் கொடுத்தது. அதுதான் டிரைவருக்கு லட்சணம்."

பிறகு இசக்கி உட்கார்ந்தாள். அவள் ஓட்டக் கற்றுக்கொண்டது அப்பாவின் டிராக்டரில். இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்தாள்.

"பாருங்க, விழுந்திருவோம்னு பயந்து பிடிச்சிருக்கா" என்றார் மாசிலாமணி. சிலர் சிரித்தார்கள்.

குரு வேட்டியை மடித்துக் கட்டினார். பெட்டியை இறக்கினார்கள். தியானக் கூடத்தில் வெள்ளை வேட்டி ஒன்றை விரித்து, அதன்மேல் வைத்து அவரே மூடியைத் திறந்தார். கூடம் முழுக்க எண்ணெய் வாடை பரவியது.

முதலில் அவர் வெளியே எடுத்தது ஓர் இரும்புக் கவை. கியர் கம்பியைத் தள்ளினால், உள்ளே பல் சக்கரத்தைத் தள்ளிக் கோப்பது அந்தக் கவைதான். அதன் ஒரு பக்கம் தேய்ந்து, கத்தி முனைபோல் மெலிந்து மின்னியது.

"மூணாவது ஏன் நிக்கலைன்னா, இதனாலதான். முழுசாத் தள்ளிக் கோக்க இதுக்கு உடம்பு இல்லை. கம்பி மேல கை ஓயாம அழுத்திக்கிட்டே இருந்தா, கவை ஓயாம உரசும். ஒரு வருஷத்துல இவ்வளவு தேயாது."

மாசிலாமணி தன் இடது கையைத் துண்டுக்குள் வைத்துக்கொண்டார்.

"சொல்லுங்க அண்ணாச்சி, இது எந்தப் பொம்பளை கை?" என்றாள் இசக்கி.

"பொறு அக்கா" என்று குரு பெட்டிக்குள் கையை விட்டார். இந்த முறை ஒரு பித்தளை வளையம் வந்தது. அதன் பற்கள் மழுங்கியிருந்தன.

"இது ரெண்டாவது கியருக்கு உள்ளது. வேகத்தைக் குறைக்காம, இறக்கத்துல வெடுக்குன்னு ரெண்டாவதுக்கு இழுத்தா இப்படி ஆகும்."

"ரெட்டைப்புளி வளைவுல நான் வண்டியை ஊர விட்டுத்தான் ரெண்டாவது போடுவேன்" என்றார் மாசிலாமணி. அவர் குரலுக்கு உயிர் வந்திருந்தது.

இசக்கி வளையத்தைக் கையில் வாங்கினாள். விரலால் ஒவ்வொரு பல்லாகத் தடவினாள்.

"இது நான்" என்றாள். "பின்னால வலியில கத்திக்கிட்டு ஒருத்தி படுத்திருப்பா. எனக்குக் கால் பிரேக்குக்குப் போகாது. ஆனா பல்லைத் தின்னது நான்தான்."

வளையத்தை எல்லோர் கண்ணிலும் படும்படி கவையின் பக்கத்தில் வைத்தாள்.

மாசிலாமணி எழுந்தார். "சரி சாமி. அவ மேலயும் தப்பு, என் மேலயும் தப்பு. இதைப் பேசிக்கிட்டு இருக்காம வேற பெட்டி மாத்திருவோம். எல்லாம் இதோட போகட்டும்."

குரு இசக்கியைப் பார்த்தார். "இப்ப என்ன சொல்லுதே அக்கா?"

"நேத்தைவிட உறுதியாச் சொல்லுதேன். பிரிச்சது பிரிச்சதுதான், இதையே வேலை பார்க்கணும்." அவள் பெட்டிக்குள் இருந்த மற்றப் பல் சக்கரங்களைக் காட்டினாள். "இதையெல்லாம் பாருங்க. ஒரு கீறல் உண்டா? இந்த மலையை இத்தனை வருஷமா ஏறினது இந்தப் பல்லு. ரெண்டு சாமான் தேஞ்சதுக்கு மொத்தத்தையும் தூக்கிப் போட நான் ஒத்துக்க மாட்டேன். வாங்கப் போறதும் எங்கேயோ ஓடின பழைய பெட்டிதானே? அதுல எவன் கை எதைத் தேச்சிருக்குன்னு யாருக்குத் தெரியும்? இதுல எது போச்சு, எப்படிப் போச்சு, எல்லாம் நமக்குத் தெரியும். தெரிஞ்ச பெட்டியை விட்டுட்டுத் தெரியாத பெட்டியை நம்பச் சொல்லுதீங்களா?"

பந்தியில் மோர் கேட்டவர், "அவ சொல்லுததுல ஞாயம் இருக்கு" என்றார்.

அதன்பின் கட்சி ஒன்றாயிற்று.

டவுனிலிருந்து புதுக் கவையும் புது வளையமும் வந்தன. குரு மாட்டினார். மாசிலாமணி விளக்குப் பிடித்தார். இசக்கி சாமான்களை மண்ணெண்ணெயில் கழுவி ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள்.

பெட்டி ஏறியதும் குரு சாவியை எடுத்து இசக்கியிடம் நீட்டினார். அவள் ஓட்ட, மாசிலாமணி அவளுக்கு இடப்பக்கம் உட்கார்ந்தார். குரு பின்னால் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்தார்.

ஏற்றத்தில் மூன்றாவது கியர் நின்றது. வண்டி குழியில் இறங்கிக் குலுங்கியபோதும் கழலவில்லை. மாசிலாமணியின் கை ஒரு தடவை கம்பியை நோக்கிப் போய், பாதியில் திரும்பி மடிக்கு வந்தது.

மேலே மூட்டைகளை இறக்கிவிட்டுத் திரும்பினார்கள். ரெட்டைப்புளி வளைவு வந்தது. இசக்கி பிரேக்கை மிதித்து, வண்டியை ஊர விட்டு, இரண்டாவதைப் போட்டாள். ஒரு சத்தமும் இல்லை.

வளைவு தாண்டியதும் மாசிலாமணி பின்னால் திரும்பினார்.

"சாமி, கோவிச்சுக்கக் கூடாது. ரெண்டு பேர் கையும் தப்புப் பண்ணியிருக்கு. அப்புறம் சாவி வேற ஆளுக்குப் போகாம ஏன் மறுபடி அவ கைக்கே போச்சு?"

இதற்குப் பதில் சொல்ல இசக்கியிடம் ஆயிரம் இருந்தது. அவள் வாயைத் திறப்பதற்குள் குரு பேசினார்.

"அண்ணாச்சி, மூடியைத் திறக்கச் சொன்னது யாரு?"

மாசிலாமணி முன்பக்கம் திரும்பிக்கொண்டார். இசக்கியின் கை இரண்டும் ஸ்டியரிங்கில் இருந்தன.