மலைக்குக் கூச்சம்

கோத்தகிரிக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதன் முதலாளி மகுடேஸ்வரனுக்குத் தன் பங்களா நிற்கிற சரிவை வெட்டி ஓட்டல் கட்ட ஆசை. சரிவின் அடியில் நாற்பது தொழிலாளர் குடும்பங்கள் குடியிருந்தன.

"வெட்டினால் மண் சரியும். இப்போதே மலை மெல்ல நகர்கிறது" என்றார் இரண்டு வருடமாக அங்கே ஆய்வு செய்த விஞ்ஞானி தேன்மொழி.

அனுமதி கொடுக்கப் பங்களாவுக்கு வந்திருந்த தாசில்தார் முன்னால் முதலாளி அவருடைய ஆய்வு அறிக்கையைத் தூக்கி எறிந்தார்.

"காகிதமெல்லாம் வேண்டாம். மலையே என்கிட்ட வந்து சொல்லட்டும், நம்புறேன்!"

மலை நகர்வதை அளக்க விஞ்ஞானிக்கு முளை அடித்துக் கொடுக்கும் சடையன் முன்னால் வந்தான். அவன் வீடும் சரிவுக்குக் கீழேதான்.

"சொல்லச் சொல்றேனுங்க ஐயா. ஆனா மலைக்குக் கூச்சம் ஜாஸ்தி. கதவைச் சாத்துங்க, பேசும்."

முதலாளி சிரித்துக்கொண்டே கதவைத் தள்ளினார். பாதியில் நின்றது. தோள் கொடுத்துத் தள்ளியும் மூடவில்லை.

"எங்கேடா அந்த ஆசாரி? ஒரு கதவை இழைக்கத் தெரியாதா?"

வராந்தாவில் இருந்த ஆசாரி ஓடி வந்தார். "மூணு தடவை இழைச்சுட்டேனுங்க. கதவு சரியாத்தான் இருக்கு. சுவரோட சேர்ந்து நிலைச்சட்டம்தான் கோணிக்கிட்டே போகுது."

"கேட்டுச்சுங்களா ஐயா?" என்றான் சடையன். "மழைக்காலம் பூரா மலை இதையேதான் சொல்லிச்சு. நீங்க ஆசாரியைத் திட்டுன சத்தத்துல காதுல விழல."

தாசில்தார் சிரிப்பை அடக்கிக்கொண்டு விண்ணப்பத்தில் 'அனுமதி இல்லை' என்று எழுதினார். நிமிர்ந்து பார்த்தால் முதலாளியைக் காணோம். செருப்புக்கூடப் போடாமல் கேட்டைத் தாண்டிக்கொண்டிருந்தார்.

"ஓடாதீங்க ஐயா!" என்று கத்தினான் சடையன். "மலை இன்னும் பேசி முடிக்கல!"