இரண்டாவது கூப்பாடு

கரை என்ற பேச்சே இல்லாத ஒரு நடுக்கடலில் ஒரு நண்டு இருந்தது.

குழந்தைகளே, நீங்கள் பார்த்த நண்டை நினைத்துக்கொள்ளாதீர்கள். இது மணலில் வளை தோண்டாது. பாறை இடுக்கில் பதுங்காது. உங்கள் கட்டைவிரல் நகம் அளவுதான் இருக்கும். பிறந்ததிலிருந்து தரை என்றால் என்னவென்றே தெரியாத நண்டு.

இந்த வகை நண்டுக்குக் காலில் கொஞ்சம் மயிர் உண்டு. அதைத் துடுப்பாகப் போட்டுச் சிறிது தூரம் நீந்தும். அதற்குமேல் நீந்தினால் கால் ஓய்ந்துவிடும். கால் ஓய்ந்தால் கீழே போக வேண்டியதுதான். அந்த ஆழத்துக்கு அடியே கிடையாது. அதனால் மிதந்து வருவது எதுவோ அதைப் பற்றிக்கொண்டு வாழும். பாசிக்கொத்து, மரக்கட்டை, அறுந்துபோன வலை, எதுவானாலும் சரி. எல்லாவற்றிலும் நல்ல வீடு கடலாமையின் வால் இடுக்கு. அங்கே ஒரு ஜோடிக்குத்தான் இடம்.

நம் நண்டின் பெயர் வெடுக்கன். அவனுக்கும் அவன் மனைவி சிட்டாளுக்கும் அந்த இடம் கிடைத்திருந்தது.

சும்மா கிடைக்கவில்லை. ஆமையின் ஓட்டில் கொட்டலசு என்று ஒன்று வந்து ஒட்டும். குட்டிக் குட்டிச் சிப்பிபோல ஒட்டிக்கொண்டு வளரும். வளர விட்டால் ஆமைக்குப் பாரம், அரிப்பு வேறு. வெடுக்கன் அதைக் குஞ்சாக இருக்கும்போதே கிள்ளித் தின்றுவிடுவான்.

"ஆங்... அங்கேதான். இன்னும் கொஞ்சம் மேலே," என்று ஆமை கண் சொருகும்.

"எனக்குத் தெரியாதா அக்கா? நீங்க பேசாம நீந்துங்க," என்பான் வெடுக்கன்.

அவன் பேச்சு அப்படித்தான். அவனுக்கு யாரும் எதையும் தூக்கிக் கொடுத்ததில்லை. கண்ணுக்குத் தெரியாத குஞ்சாக அலையில் அடிபட்டு வந்தவன். தொற்றிக்கொள்ள இடமும், தின்ன இரையும், எல்லாமே பேரம் பேசிப் பேசி வாங்கியதுதான். பேரத்தில் அவனிடம் ஒரு வித்தை இருந்தது. பேச்சு படியவில்லை என்றால் கோபித்துக்கொண்டு கிளம்பிவிடுவான். பக்கத்தில் மிதக்கும் எதிலாவது போய் உட்கார்ந்துகொள்வான். ஆமை கூப்பிடும். திரும்பிப் பார்க்க மாட்டான். மறுபடி கூப்பிடும். அப்போது மெதுவாக வருவான்.

"முதல் கூப்பாட்டுக்குத் திரும்புறவன் ஏமாளி. இரண்டாவது கூப்பாட்டில்தான் விலை ஏறும்," என்று சிட்டாளிடம் பெருமையடிப்பான்.

அந்த வித்தையால்தான் வால் இடுக்கே கிடைத்தது. அதே வித்தையால்தான் ஆமை மேலே மூச்சு வாங்க வரும்போது கூடக் கொஞ்ச நேரம் வெயிலில் மிதக்கவும் சம்மதித்தது.

சிட்டாள் வயிற்றின் மடிப்பில் முட்டைகளைச் சுமக்கத் தொடங்கினாள். அவளுக்கு முன்னைவிடப் பசித்தது.

அந்த நேரம் பார்த்துப் பறவைக்கோலா வந்தாள். அவள் பறக்கும் மீன். ஒரு அலையிலிருந்து எகிறி அடுத்த அலையில் விழுவாள். விழும் இடமெல்லாம் ஒரு கதை சொல்வாள்.

"என்ன வெடுக்கா, இன்னும் முதுகு சொறிஞ்சு பிழைக்கிறியா? அந்தப் பக்கம் ஒரு ஆமை நின்னு நின்னு சாப்பிடுதாம். சிதறுறதெல்லாம் நேரா நண்டு வாய்க்குத்தான் போகுதாம். ராஜா மாதிரி இருக்கான் அவன்."

கோலா எகிறிப் போய்விட்டாள். வெடுக்கனுக்கு மண்டைக்குள் சுருக்கென்று ஏறியது. நேராக ஆமையின் கழுத்தருகே போனான்.

"அக்கா, இனிமே நீங்க அந்தக் கொழகொழ சொறிமீனைத் தின்னும்போது நின்னு திங்கணும். நீங்க ஓடிக்கிட்டே தின்னா சிதறுறதெல்லாம் தண்ணியோட போயிடுது. என் பொண்டாட்டி பிள்ளத்தாச்சி."

"நின்னு நின்னு தின்னா எனக்கு வயிறு நிறையாதேப்பா. கிடைக்கிற இடத்துல ஓடி ஓடித்தான் தின்னணும்."

"அப்ப என் வேலைக்கு மதிப்பே இல்லையா?"

"அப்படி யாரு சொன்னா?"

"சொல்லணுமா? உங்க ஓட்டுல ஒரு கொட்டலசு இருக்கா? பக்கத்து ஆமையைப் போய்ப் பாருங்க, பாறை மாதிரி கிடக்கு! நான் போறேன்."

சற்றுத் தள்ளி ஒரு நீல டிரம் மிதந்து வந்தது. எந்தக் கப்பலிலிருந்து விழுந்ததோ, காலியாக ஆடிக்கொண்டிருந்தது.

சிட்டாள் அவன் காலைப் பிடித்துக்கொண்டாள். "நானும் வர்றேங்க."

"உனக்கு அறிவிருக்கா? முட்டையைச் சுமந்துக்கிட்டு அவ்வளவு தூரம் நீந்துவியா? நீ இங்கேயே இரு. நீ இருந்தாத்தான் நான் திரும்பி வருவேன்னு நம்பி அவங்க கூப்பிடுவாங்க. நீதான் எனக்குப் பிடிமானம்."

"சரி. ஆனா முதல் தடவை கூப்பிட்டதுமே வந்துடுங்க. இந்தத் தடவை மட்டும்."

"வேலையை எனக்குக் கத்துக்கொடுக்காதே," என்றான் வெடுக்கன். குதித்தான்.

கால்களை வேகமாக அடித்து நீந்தினான். டிரம்மைத் தொட்டபோது மூச்சு இரைத்தது. ஆமை இருந்த பக்கம் முதுகைக் காட்டி ஏறி உட்கார்ந்துகொண்டான்.

வெகுநேரம் ஆகவில்லை. ஆமையின் குரல் கேட்டது.

"வெடுக்கா! சரிப்பா, நீ சொன்னபடியே நின்னே தின்னுறேன். வந்துடு!"

கேட்டது அப்படியே கிடைத்துவிட்டது. அந்த இடத்தில் யாராயிருந்தாலும் குதித்திருப்பார்கள். வெடுக்கன் குதிக்கவில்லை.

'இவ்வளவு சீக்கிரம் இறங்கி வர்றாங்களே. அப்ப நான் கேட்டதே குறைச்சல்தான். இன்னொரு தடவை கூப்பிடட்டும். அவங்க தோள் பக்கத்து நிழல்ல உக்கார இடத்தையும் சேர்த்துக் கேட்டுடலாம்,' என்று கணக்குப் போட்டான். பாசியைக் கிள்ளுவதுபோல் பாசாங்கு செய்தான். அந்த டிரம்மில் அப்போது பாசியே இல்லை.

காற்று கிளம்பியது.

டிரம் இலேசானது. பாதிக்குமேல் தண்ணீருக்கு வெளியே நின்றது. காற்று அதைத் தள்ளிக்கொண்டு போனது. ஆமையோ கனமானது. தண்ணீர் போன வழியில் அது போனது. காற்று ஒரு திசை, தண்ணீர் ஒரு திசை.

வெடுக்கன் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்தான். இப்போது கூப்பிடுவார்கள். இதோ இப்போது. அலைச் சத்தம் மட்டும் கேட்டது. கௌரவத்தை விட்டு ஒருவழியாகத் திரும்பிப் பார்த்தான். ஆமையின் ஓடு தூரத்தில் ஒரு புள்ளியாகத் தெரிந்தது. அவன் கால்களுக்கு எட்டாத தூரம்.

"அக்கா!" என்று கத்தினான். "நான் வர்றேன்! பழைய ஏற்பாடே போதும்! சிட்டாள்!"

அடுத்த அலை எழுந்து தாழ்ந்தபோது புள்ளியும் இல்லை.

அதன்பின் அந்த டிரம் போன இடமெல்லாம் அவனும் போனான். ஒருமுறை ஓர் ஆமை அருகே வந்தது. பேரம் பேசாமல், ஒரு வார்த்தை கேட்காமல் அதன் வாலுக்குக் குதித்தான். அங்கே வேறொரு ஜோடி இருந்தது.

"இங்க இடமில்லை, போய்யா!" என்று கொடுக்கைத் தூக்கிக் காட்டி விரட்டினார்கள். பாதி உயிராக டிரம்முக்குத் திரும்பினான்.

ஒருநாள் பறவைக்கோலா டிரம்மின் பக்கத்தில் வந்து விழுந்தாள்.

"அட, வெடுக்கனா! இங்கேயா இருக்க? உன் ஆமையை நான் பார்த்தேனே. முட்டையெல்லாம் பொரிஞ்சாச்சு. குஞ்சுங்க தண்ணியோட கலைஞ்சு போயிடுச்சு. உன் பொண்டாட்டி ஓட்டு மேலே ஏறி நின்னபடியே இருக்கா. கீழே இறங்கவே மாட்டேங்கிறாளாம்."

"ஆமையக்கா என்னை இன்னொரு தடவை கூப்பிட்டிருக்கலாம்."

"அது எதுக்குக் கூப்பிடும்? வர மனசில்லாதவனை வற்புறுத்தக் கூடாதுன்னு பேசாம இருந்துச்சாம். சிட்டாள்தான் கூப்பிட்டாளே! தொண்டை கிழியக் கூப்பிட்டாளாம். உனக்குக் கேக்கலையா?"

"கேக்கலை."

"எப்படிக் கேக்கும்? நகத்தளவு உடம்பு, எதிர்க்காத்து வேற."

வெடுக்கன் கெஞ்சினான். வாழ்க்கையில் முதல் முறையாகக் கெஞ்சினான்.

"கோலா, அவகிட்ட போய் நான் இங்கேதான் இருக்கேன்னு சொல்லிடு."

"எங்கேன்னு சொல்ல?" என்றாள் கோலா. "காலையில இருந்த இடத்துல நீயே இப்ப இல்லையே." எகிறினாள். போய்விட்டாள்.

டிரம்மின் அடியில் இப்போது கொட்டலசு ஒட்ட ஆரம்பித்திருந்தது. வெடுக்கன் இறங்கிப் போய் ஒன்றைக் கிள்ளினான். கிள்ளிவிட்டு நிமிர்ந்து பார்த்தான்.

"இங்கேயா அக்கா? இன்னும் கொஞ்சம் மேலேயா?" என்று கேட்டான்.

டிரம் ஆடிக்கொண்டே போனது.

நீதி: கேட்டது கிடைத்ததும் முதல் அழைப்பிலேயே திரும்பிவிடு, இரண்டாவது அழைப்பு வந்தாலும் உன் காதை எட்டும் என்று யாரும் உறுதி தரவில்லை.