முன்னூறு அடிக்கு ரெண்டு மார்க்கு

ஒரு ஊர்ல ஒரு தேரி இருந்துச்சு. தேரின்னா தெரியும்லா தங்கம், செக்கச்செவேல்னு மணல் மேடு, பனை உசரத்துக்கு. அதுக்குக் கிழக்க ஒரு கிணறு. ஊருக்கே அது ஒண்ணுதான் நல்ல தண்ணி, மத்ததெல்லாம் உப்பு, வாயில வைக்க முடியாது. வாளியப் போட்டா "தொபுக்"னு கேக்கும். கிணத்துக்குப் பக்கத்துல ஒரு பள்ளிக்கூடம். ம் கொட்டு.

— ம்.

அந்தப் பள்ளிக்கூடத்துல தவசிமுத்து சார்னு ஒரு பூகோள வாத்தியாரு. அவரு வகுப்புச் செவுத்துல ஊர்ப்படம் வரைஞ்சி வச்சிருந்தாரு. தேரிக்குச் செவப்பு, கிணத்துக்கு நீலம், நடுவுல ஒரு கோடு, கோட்டு மேல "முன்னூறு அடி"ன்னு எழுத்து. வருஷா வருஷம் பொங்கலுக்கு மறுபடியும் பெயிண்ட் அடிப்பாரு. பரீட்சையிலயும் வருஷா வருஷம் அதே கேள்விதான். தேரிக்கும் கிணத்துக்கும் எவ்வளவு தூரம்? முன்னூறு அடின்னு எழுதினா ரெண்டு மார்க்கு.

அவரு வகுப்பு சன்னலத் தொறந்தா நேரா தேரிதான் தெரியும். ஆனா மணல் அடிக்குதுன்னு அதச் சாத்தியே வச்சிருந்தாரு.

அந்த ஊர்ல லிங்கக்கனின்னு ஒரு பிள்ளை. மூணாங்கிளாஸ் படிக்கும்போது, அம்மா கூடத் தண்ணிக்குப் போனவ, ஒரு பனையப் பாத்து அப்படியே நின்னுட்டா. போன வருஷம் அந்தப் பனையோட அடிமூட்டுல உக்காந்துதான் நொங்கு தின்னா. இப்ப அந்த அடிமூடே வெளிய தெரியல. பனை இடுப்பளவு மணல்ல நிக்குது.

— தேரிக்குக் கால் உண்டா?

அவளும் இதேதான் கேட்டா தங்கம். வகுப்புல எந்திரிச்சு நின்னு, "சார், தேரி நடக்குமா?"ன்னா. வகுப்பே கெக்கெக்கேன்னு சிரிச்சுச்சு.

சாரு சிரிக்கல. "தேரியப் பத்தி ஆறாம் வகுப்புல வரும். அப்பக் கேளு. உக்காரு"ன்னாரு.

அவ உக்காந்தா. ஆனா சாயங்காலம் போயி, கிணத்துலேர்ந்து தேரி வரைக்கும் குட்டிக் காலால எட்டு வச்சு எண்ணினா. இருநூத்தி நாப்பது. பரீட்சையில அதையே எழுதினா. சாரு செவப்பு மையால ஒரு முட்டை போட்டாரு.

அப்புறம் தேரி என்ன செஞ்சுச்சு? ஆறாம் வகுப்பு வரட்டும்னு காத்துகிட்டா இருந்துச்சு? சர்ர்ர்ர்னு வந்துகிட்டே இருந்துச்சு.

அப்போ லிங்கக்கனியும் ஆறாங்கிளாஸ் வந்துட்டா. மறுபடி எண்ணினா, நூத்திப் பத்து எட்டுதான். ஓடிப்போய், "சார், தேரி பாதிக்குப் பாதி வந்துட்டு"ன்னு சொன்னா.

சாரு அவ காலப் பாத்தாரு. "ஏட்டி, தேரி வரல. உன் கால்தான் வளந்திருக்கு. நீட்டி நீட்டி வச்சா எட்டு கொறையத்தான் செய்யும்"ன்னாரு.

அந்த மனுசன் வாயிலேர்ந்து தவறிப்போயி வந்த நல்ல வார்த்தை அது ஒண்ணுதான். அவளுக்குச் சுருக்குன்னுச்சு. ஆமால்லா, கால் வளருமே, அதவச்சு எப்படி அளக்கன்னு யோசிச்சா. அப்புறம் வாளிக்கயித்த எடுத்தா. கயிறு வளராது பாரு. முப்பது அடிக் கயிறு. தரையில போட்டுப் போட்டு அளந்தா. அஞ்சு கயிறு, நூத்தம்பது அடி. அதோட விட்டாளா? தேரி ஓரத்துல ஒரு குச்சி நட்டு, மாசத்துக்கு ஒருக்கா போய்ப் பாத்தா. மார்கழியில குச்சி அப்படியே நிக்குது, பங்குனியிலயும் நிக்குது. ஆடி மாசம் மேக்காத்து ஹோன்னு அடிச்சுது பாரு, குச்சியக் காணோம்.

"சார், ஆடிக்காத்துதான் மணலைத் தூக்கிட்டு வருது. இப்படியே வந்தா கிணறு என்னாவும்?"

"அது ஒன்பதாம் வகுப்புல வரும்."

அந்த வருஷமும் முட்டைதான். வீட்டுல போய்ச் சொன்னப்போ அம்மாவுக்கு முட்டையப் பத்திக் கவலையில்ல. "கிணறு மூடிட்டுன்னா நாலு மைல் போய்த் தண்ணி எடுக்கணும் ஏட்டி. நான் உப்பளத்து வேலைக்குப் போயிருவேன். கொடத்த யாரு தூக்குவா? நீதான். அப்புறம் பள்ளிக்கூடம் ஏது?"ன்னா. ம் சத்தம் கேக்கலியே?

— ம்.

ஒன்பதாங்கிளாஸ் வந்துட்டு. ஆனி மாசம். கயித்தப் போட்டா. ஒரே கயிறு. இந்த ஆடி வந்தா கிணறு போச்சு. "சார், இப்பவாவது கேக்கலாமா?"ன்னா.

"தேரியா? அது ஆறாம் வகுப்புலயே முடிஞ்சு போச்சுல்லா. இப்ப என்ன கேள்வி?"ன்னாரு.

அவருக்கு அதுக்கெல்லாம் நேரம் ஏது? பெரிய ஆபீசர் ஒருத்தரு வாராரு, பிள்ளைகளுக்கு ஊரைப் பாத்து ஆராய்ஞ்சு கேள்வி கேக்கத் தெரியுதான்னு சோதிக்க. அதனால சாரு ஒரு வாரமா ஒத்திகை. கேள்வியெல்லாம் அவரே துண்டுச்சீட்டுல எழுதி ஆளுக்கு ஒண்ணு குடுத்துட்டாரு. "கேக்கும்போது நெஜமாவே சந்தேகம் வந்த மாதிரி மூஞ்சிய வச்சிக்கணும்"னு அதுக்கும் பாடம் நடத்தினாரு. லிங்கக்கனி கையில வந்த சீட்டு எது? அதேதான்.

ஆபீசர் வந்து உக்காந்தாரு. அவ எந்திரிச்சா. "ஐயா, தேரிக்கும் கிணற்றுக்கும் எவ்வளவு தூரம்?" அவளுக்கு மூஞ்சிய வேற மாதிரி வச்சிக்க வேண்டிய அவசியமே இல்ல. வகுப்பு மொத்தமும் கத்துச்சு, "முன்னூறு அடி."

"அருமை, அருமை"ன்னாரு ஆபீசர். "கொஞ்சம் குடிக்கத் தண்ணி."

வாளி போச்சு. தொபுக்குன்னு கேக்கல தங்கம். "சொத்"துன்னு கேட்டுச்சு. டம்ளர் செவப்பா வந்துச்சு.

"என்ன இது, டீயா?"

"இல்ல சார், எங்க ஊர்த் தண்ணியில இரும்புச் சத்து அதிகம்"னாரு தவசிமுத்து சார்.

அப்போ லிங்கக்கனிக்குப் பொறுக்கல. "மணல், சார். முன்னூறு அடியெல்லாம் இல்ல. ஒரே கயிறு. வந்து பாருங்க"ன்னா.

ஆபீசரும் வந்தாரு. அவரே கயித்து நுனியப் பிடிச்சாரு. மறுநுனி கிணத்துச் செவுத்துல இருக்கு, இவரு நிக்கது தேரியில, பூட்ஸுக்குள்ள மணல். மேலயும் கீழயும் பாத்தாரு. "பெரிய தப்பு நடந்திருக்கு. இன்னைக்கே சரி பண்ணணும்"னாரு. அவளுக்கு உசுரே திரும்பி வந்த மாதிரி இருந்துச்சு.

சரி பண்ணினாங்க. செவுத்துப் படத்துல முன்னூறைச் சுரண்டிட்டு "முப்பது அடி"ன்னு எழுதினாங்க. ஆபீசர் அதுக்குக் கீழ கையெழுத்துப் போட்டாரு. ஜீப்பு டுர்ர்ருன்னு போயிட்டு.

"சார், அப்போ நடுவுல ஓலைத்தட்டி கட்டி மணலைத் தடுக்கலாமா?"

"அது பத்தாம் வகுப்புல வரும்."

அழுதுகிட்டே வீட்டுக்குப் போயி, தட்டி கட்டணும்னு அம்மாகிட்ட சொன்னா. அம்மா கேட்டா, "தட்டி கட்டணும்னு உங்க சாரு சொன்னாரா?"

"இல்லம்மா. நான் அளந்தேன்."

உடனே அம்மா கேட்டா, "ஆடி பொறக்க எத்தனை நாள் இருக்கு?"

"பதினொண்ணு."

அம்மா சேலைய இழுத்துச் செருகிட்டு வீடு வீடாப் போனா. தண்ணி எடுக்கது பொம்பளைகதானே, அவளுகளுக்குச் சொல்லி விளங்க வைக்க வேண்டியிருக்கல. ஓலை வெட்டினாளுக, கம்பு ஊனினாளுக. தேரிக்கும் கிணத்துக்கும் நடுவுல மூணு வரிசை தட்டி. எங்க கட்டணும்னு கயித்தப் போட்டுக் காட்டினது லிங்கக்கனி.

ஆடி பொறந்துச்சு. ஹோ... ஹோன்னு காத்து. சர்ர்ர்ர்னு மணல். முதல் வரிசை சடசடன்னு சாஞ்சுட்டு. ரெண்டாவது வரிசை பாதி பொதைஞ்சுட்டு. மூணாவது வரிசை அசையல, தேரி அங்கனயே நின்னுட்டு. கிணத்துக்குள்ள விழுந்த மணலையும் பொம்பளைகளே தூர்வாரி வெளிய எடுத்தாளுக. அப்புறம் லிங்கக்கனி போய் வாளியப் போட்டா.

தொபுக்.

பரீட்சை வந்துச்சு. தேரிக்கும் கிணத்துக்கும் எவ்வளவு தூரம்? முப்பது அடின்னு எழுதினா ரெண்டு மார்க்கு. செவுத்துலயே இருக்கு, ஆபீசர் கையெழுத்தோட. லிங்கக்கனி அன்னைக்குக் காலையிலதான் கயிறு போட்டு அளந்துட்டு வந்திருந்தா. பதினெட்டுன்னு எழுதினா.

வீட்டுக்கு வந்தப்போ அம்மா கேட்டா, "எவ்வளவு?"

"முட்டை."

அம்மா சிரிச்சுட்டா. கொடத்துலேர்ந்து ஒரு செம்பு தண்ணி மோந்து, "இந்தா, குடி. நாளைக்கும் பள்ளிக்கூடம் போகணும்"னா. அந்தத் தண்ணியத்தான் அவளும் குடிச்சா, ரெண்டு மார்க்கு வாங்கின பிள்ளைகளும் குடிச்சுச்சு. தவசிமுத்து சாரும் குடிச்சாரு. சன்னலச் சாத்திகிட்டு.

என்ன, ம் சத்தத்தையே காணோம்? சரி. தேரி தட்டியில சாஞ்சு கண்ணசந்துட்டு. கதையும் அசந்துட்டு. நீயும் தூங்கு தங்கம், கால் வளரட்டும்.