கவிழ்த்த சட்டியின் கீழே

கேளுங்கள், பெரியோரே, பிள்ளைகளே. அரசன் தன் கோட்டையில் இருக்க, ஊரைக் காவல்காரர்களே காத்துவந்த காலம் அது.

கருவேலங்குடிக்குப் பொன்னாண்டி காவல் தலைவர். சடையன் அவருக்குத் துணைக் காவலன். திருட்டு நடந்தால் சடையன்தான் முதலில் ஓடுவான். கள்வனின் காலடித் தடத்தைக் காற்று கலைக்காதபடி அதன்மேல் சட்டியைக் கவிழ்ப்பான். தலைவர் வந்து சட்டியைத் தூக்கித் தடத்தைப் படிப்பார். அவ்விருவரைத் தவிர யாரும் அதைப் பார்க்கக் கூடாது. பிறகு, "நீ என்ன சொல்கிறாய், சடையா?" என்று கேட்பார். பதில் வந்ததும் தடத்தைக் காலால் அழித்துவிடுவார். அழித்த தடத்தைப் பற்றி அப்புறம் யாரும் வழக்குப் பேச முடியாது.

தலைவருக்கு வயதாயிற்று. கண் மங்கிற்று. சடையன் அதை அறிவான்.

முதலில் ஓர் ஆடு களவு போயிற்று. தடம் கிழக்கே போக, தலைவர் மேற்கே கை காட்டினார்.

"நீ என்ன சொல்கிறாய், சடையா?"

"தாங்கள் சொன்னால் சரி, ஐயா."

ஆடு கிடைக்கவில்லை.

அடுத்து ஒரு வெண்கலப் பானை. புதுத் தடத்தைப் பழைய தடம் என்றார் தலைவர்.

"நீ என்ன சொல்கிறாய், சடையா?"

"தாங்கள் சொன்னால் சரி, ஐயா."

பானையும் கிடைக்கவில்லை. "நம்ம தலைவர் தடத்தைப் பார்க்கிறாரா, சட்டியைப் பார்க்கிறாரா?" என்று ஊரார் சிரித்தார்கள்.

மூன்றாவதாகக் கோயில் விளக்கு. சட்டியின் கீழே இருந்த தடத்தில் நான்கே விரல்கள். தலைவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

"அகன்ற பாதம். ஆடு மேய்க்கும் இருளப்பன்தான்."

இருளப்பனுக்கு ஐந்து விரலும் உண்டு.

"நீ என்ன சொல்கிறாய், சடையா?" தலைவர் அவன் பக்கம் திரும்பிக் காத்து நின்றார்.

ஊரார் சிரித்தது சடையனின் நினைவுக்கு வந்தது. "தாங்கள் சொன்னால் சரி, ஐயா."

தலைவர் தடத்தை அழித்தார்.

இருளப்பனைப் பொட்டல்காட்டுக்குத் துரத்தினார்கள். அவன் மனைவி வேலம்மை சடையனை வழிமறித்தாள்.

"நீயும் பார்த்தாயே, அண்ணே. அது என் புருஷன் காலா?"

சடையன் மண்ணைப் பார்த்தபடி நின்றான்.

கோடை முடியுமுன், இருளப்பன் தண்ணீரின்றிச் செத்தான் என்று செய்தி வந்தது.

சடையன் தலைவரிடம் ஓடி அழுதான். "ஐயா, அந்தத் தடத்தில் விரல் நான்குதான். தங்கள் பெயர் கெடக் கூடாதென்று வாயை மூடிக்கொண்டேன்."

கிழவர் சொன்னார்:

"கண் போயிற்று என்று சொல்ல எனக்கு வெட்கம். நீ சொல்வாய் என்றுதானே மூன்று முறையும் கேட்டேன்?"

காவல்கோலை எடுத்து அவன் கையில் வைத்தார். "இனி நீ தலைவன். உனக்கு வாய்க்கும் துணைவன் உன்னைப் போல் இல்லாதிருக்கட்டும்."

தலைவன் தவறும்போது வாய்மூடி நிற்கும் துணைவன், அந்தத் தவறைத் தானும் சேர்ந்தே செய்தவன் ஆவான்.