நாவல் மை பூசிய கரடி

ஒரு காட்டில் ஒரு கரடி இருந்தது, குழந்தைகளே. அந்தக் கரடி நான்தான். ஆகவே கொஞ்சம் மெதுவாகச் சிரியுங்கள்.

எங்கள் காட்டு நகராட்சிக்குத் தேர்தல் வந்தது. மூன்றாவது வார்டில் கழுதைப்புலியும் கீரியும் போட்டியிட்டன. கழுதைப்புலி ஜெயித்தால் காட்டுக் குப்பை முழுவதும் என் குகைக்கு எதிரே உள்ள ஊற்றங்கரையில் கொட்டப்படும். அதை அது மேடையிலேயே சொன்னது. கீரி, கொட்டக் கூடாது என்றது. நான் குடிப்பதும் குளிப்பதும் அந்த ஒரே ஊற்றில்தான்.

கீரியை ஜெயிக்க வைக்கக் கிளம்பினேன். தேர்தல் விவரம் எல்லாம் எனக்குத் தெரியும். தெரியாததையும் தெரிந்ததுபோல் சொல்வேன். பாறைமேல் ஏறி நின்று வகுப்பு எடுத்தேன்.

"வயசு வந்தவங்க படிவத்தை நிரப்பணும். எந்தப் பொந்து, எந்தப் புதர்னு இருப்பிடச் சான்று வைக்கணும். ஆலமரத்துல வரைவுப் பட்டியல் ஒட்டுவாங்க. பேர் இல்லேன்னா பத்து நாளைக்குள்ள கேக்கணும். அப்புறம் கேட்டா ஒண்ணும் நடக்காது."

ஓட்டுப் போட்டால் எப்படி மை வைப்பார்கள் என்பதையும், நாவல் பழத்தைப் பிழிந்து என் இடது கை விரலில் பூசிக் காட்டினேன். முயல்கள் கைதட்டின. அந்தக் கைதட்டலுக்காகவே தினமும் நாலு முறை பூசினேன்.

பட்டியல் ஒட்டிய அன்று ஆமை வந்தது. எதையும் இரண்டு முறை பார்க்கிற பிராணி அது.

"அண்ணே, போன மழைக்குத்தான் ஏழாவது வார்டுலேர்ந்து இங்க குடி வந்தீங்க. உங்க பேரு இங்க மாறிடுச்சான்னு பாத்தீங்களா?"

"தம்பி, இந்த வார்டுல பாதிப் பேருக்குப் படிவம் எழுதிக் கொடுத்தவன் நான். என் பேர் இல்லாம ஒரு பட்டியலா?"

"எதுக்கும் ஒரு தடவை..."

"நீ முதல்ல ஆலமரத்துக்குப் போய்ச் சேரு. உனக்குப் பத்து நாள் பத்தாது."

வாக்குப்பதிவு அன்று வரிசையில் முதல் ஆளாக நின்றேன். வாக்குச்சாவடியில் இருந்த நாரை என் விரலைப் பார்த்து முகம் சுளித்தது. "நாவல் சாறு" என்றேன். பட்டியலை மேலிருந்து கீழே பார்த்தது. கீழிருந்து மேலேயும் பார்த்தது.

"உங்க பேரு இங்க இல்லீங்க. ஏழாவது வார்டுலதான் இருக்கு."

"என்னைத் தெரியாதா உங்களுக்கு?"

"தெரியாம என்ன? என் படிவத்தையே நீங்கதான் எழுதினீங்க."

"அப்போ என் படிவத்தையும் இப்பவே எழுதித் தர்றேன்."

"பத்து நாளைக்குள்ள கேக்கணும். அப்புறம் கேட்டா ஒண்ணும் நடக்காது. நீங்கதானே சொன்னீங்க."

நான் வெளியே வந்தேன். முந்தின நாளே வீட்டை விட்டுக் கிளம்பியிருந்த ஆமை உள்ளே போய் ஓட்டுப் போட்டது.

எண்ணிப் பார்த்தபோது இருவருக்கும் நாற்பத்திரண்டு ஓட்டு. சரிசமம் என்பதால் தேங்காய்ச் சிரட்டையில் இரண்டு சீட்டுப் போட்டுக் குலுக்கினார்கள். கழுதைப்புலியின் சீட்டு வந்தது.

மறுநாள் கீரி என் குகைக்கு வந்தது. அதன் கண் கலங்கியிருந்தது. நாவல் கறை போகாத என் விரலைப் பிடித்துக்கொண்டது.

"தோத்தாலும் பரவாயில்லண்ணே. நீங்க போட்ட ஓட்டை மட்டும் மறக்கவே மாட்டேன்."

எனக்கு வெட்கமாக இருந்தது. கீரி போனதும், விரலைக் கழுவலாம் என்று ஊற்றுக்குப் போனேன்.

அங்கே முதல் வண்டிக் குப்பை வந்து விழுந்திருந்தது.

நீதி: ஊராருக்கு ஓட்டுப் போடக் கற்றுக்கொடுக்கும் முன், பட்டியலில் நம் பெயர் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.