கோடரி விழுந்த இடம்

நிழலில் உட்கார்ந்திருப்பவன் சோம்பேறிதான் என்று உங்களால் அடித்துச் சொல்ல முடியுமா?

செங்கோடன் அடித்துச் சொன்னார். கையில் கோடரியோடு மூச்சிரைக்க மடத்துக்கு வந்து, குருவின் முன் நின்று சொன்னார். அவர் ஆற்றங்கரையில் ஓடத்துறைக்குத் தலைவர்.

“தாயே, உத்தரவு கொடுங்கள்! துறையில் நிற்கும் இலுப்பை மரத்தை வெட்டிச் சாய்க்கிறேன்!”

குரு அமுதவல்லி அம்மையார் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார்.

“மரம் என்ன செய்தது?”

“ஊரையே சோம்பேறியாக்கிவிட்டது. அக்கரைச் சந்தை நண்பகலோடு கலைந்துவிடும். இவர்களோ நிழலைவிட்டு எழுவதே இல்லை. ஐந்து நாளாக, சந்தை முடிந்த பிறகுதான் ஓடம் போய்ச் சேருகிறது. வெற்றிலை அத்தனையும் அழுகுகிறது. இன்னும் ஒரு வாரம் இப்படியே போனால் ஊர் பட்டினி!”

“வெட்டலாம். முதலில் என்னை அக்கரையில் கொண்டுபோய் விடு.”

துறையில் ஓடம் காலியாகக் கிடந்தது. இருவரும் ஏறி அமர்ந்தனர்.

வேறு எவரும் வரவில்லை.

வெயில் ஏறியது. பலகை சுட்டது. செங்கோடன் நெளிந்தார்.

“தாயே, பத்துப் பேர் சேரட்டும். அதுவரை…”

“போய் வா.”

அவர் கோடரியோடு மரத்தடிக்கு நடந்தார். அங்கே ஒரே சிரிப்பு. வெற்றிலை விற்கும் பவளக்கொடி தன் இலைக்கட்டை நகர்த்தி இடம் விட்டாள்.

“வாங்க தலைவரே! முதல்ல ஏறினவருக்கு மாலையா போட்டாங்க? வெயில்தானே கெடச்சுது!”

“நீ எப்போது ஏறுவாய்?”

“பத்தொம்பது பேர் ஏறட்டும். இருபதாவதா நான் ஓடி வரேன்.”

பக்கத்தில் இருந்த கூடைக்காரரைப் பார்த்தார் செங்கோடன். “நீர்?”

“நானும் இருபதாவது ஆள்தானுங்க.”

“அவர்?”

“அவரும்தான்!”

“நீங்க எத்தனாவதுங்க, தலைவரே?” என்றாள் பவளக்கொடி.

செங்கோடன் சுற்றிலும் பார்த்தார்.

அப்போதுதான் கவனித்தார். ஒருவர்கூடத் தூங்கவில்லை. அத்தனை பேரின் கண்ணும் ஓடத்தின்மேல்தான் இருந்தது. அவர் கண்ணும்.

துறையின் ஓரத்தில் ஒரு கம்பம். வெறும் ஓடத்தை ஓடக்காரர் தள்ளிக்கொண்டு போகக் கூடாதே என்று இரக்கப்பட்டு, ஐந்து நாள் முன்பு செங்கோடனே அதில் செதுக்கி வைத்த சட்டம்: ‘இருபது பேர் ஏறினால் ஓடம் புறப்படும்.’

துள்ளி எழுந்தார். கோடரியை ஓங்கினார்.

“ஐயோ, மரத்த விட்டுடுங்க!” என்று அலறினாள் பவளக்கொடி.

கோடரி கம்பத்தின்மேல் விழுந்தது. மறுபடியும் விழுந்தது. கம்பம் சாய்ந்தது.

“கேளுங்கள்!” செங்கோடனின் குரல் ஆற்றைத் தாண்டிக் கேட்டது. “மரத்தின் நிழல் இந்தப் படிக்கல்லைவிட்டு விலகியதும் ஓடம் புறப்படும்! ஒருவர் இருந்தாலும் புறப்படும்!”

எல்லோரும் கல்லைப் பார்த்தார்கள். நிழல் விலக ஒரு சாண்தான் பாக்கி.

மரத்தடி மொத்தமும் எழுந்தது. கட்டுகள் தலைக்கு ஏறின. கூடைகள் மோதின. “தள்ளுங்க, தள்ளுங்க!” என்று பவளக்கொடி எல்லோரையும் முந்திக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள்.

ஓடக்காரர் மட்டும் திகைத்து நின்றார்.

“புதுச் சட்டம் நாளையிலேர்ந்துதானுங்களே, தலைவரே?”

செங்கோடன் ஒரு கணம் தயங்கினார்.

ஓடத்தில் அம்மையார் எழுந்து நின்றார்.

“நாளை என்று சொல்லிவிடாதே, செங்கோடா! சந்தை இன்னும் கலையவில்லை. இன்றே, இப்போதே கயிற்றை அவிழ்!”