கண்ணாடி மேல் நாற்பத்தோரு பேர்

செருப்பை மடத்து வாசலில் ஒன்று கிழக்கே, ஒன்று மேற்கே கழற்றி எறிந்துவிட்டு உள்ளே வந்தார் பொன்னுரங்கம். கடைத்தெருவில் பெயின்ட் கடை வைத்திருப்பவர், வயது அறுபது. ஊரில் எந்தப் பொதுக் காரியம் என்றாலும் ரசீதுப் புத்தகம் முதலில் அவர் கைக்குத்தான் வரும். அதில் அவருக்குப் பெருமை உண்டு. அன்றைக்கு அந்தப் பெருமையெல்லாம் எங்கேயோ போய், முகம் கடுகடுவென்று இருந்தது.

தையல்நாயகி அம்மா முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். ஆற்றங்கரையில் அந்தச் சின்ன மடத்தை நடத்தி, மத்தியானம் பசியோடு வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுகிறவர். ஒரு காலத்தில் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை பார்த்தவர். பொன்னுரங்கத்தைவிட இருபது வயது இளையவர். ஆனாலும் பொன்னுரங்கத்துக்கு அவர்தான் குரு. யாராவது கேலி செய்தால், "நான் என்ன வயசையா கும்பிடறேன்?" என்று வாயை அடைத்துவிடுவார்.

"அம்மா, ஒரே ஒரு கேள்வி. இனிமே நான் பொதுக் காரியத்துல தலையிடலாமா, வேணாமா? ரெண்டுல ஒண்ணு சொல்லிடுங்க. எனக்குப் போதும் போதும்னு ஆயிடுச்சு."

அம்மா ஒரு கொத்துக் கீரையை அவர் பக்கம் தள்ளினார்.

"உருவிக்கிட்டே சொல்லுங்க, முதலாளி."

பொன்னுரங்கம் உருவினார். கோபத்தில் காம்பும் சேர்ந்து வந்தது. அம்மா காம்புகளைப் பொறுக்கி வெளியே போட்டுக்கொண்டே கேட்டார்.

விஷயம் ஃப்ரீசர் பெட்டி. ஊரில் சாவு விழுந்தால், வெளியூரில் இருக்கும் பிள்ளைகள் வந்து சேரும்வரை உடலை வைக்க ஒரு பெட்டி வேண்டும். அது டவுனிலிருந்து வாடகைக்கு வர வேண்டும். வாடகையைக் கேட்டால் உயிரோடு இருக்கிறவனுக்கும் மூச்சு நின்றுவிடும். ஊருக்கென்று ஒரு பெட்டி வாங்கி இலவசமாகக் கொடுப்போம் என்று கிளம்பியவர் பொன்னுரங்கம்தான். இரண்டு வருஷம் வீடு வீடாக ஏறி இறங்கினார். 'நல்ல நாளும் அதுவுமா சாவுப் பேச்சா?' என்று கதவைச் சாத்தியவர்கள் உண்டு. அப்படியும் விடவில்லை. கடையைப் பாதி நாள் பூட்டிவிட்டு அலைந்தார். போன வாரம் பெட்டி வந்து இறங்கியது. தலைவலியும் அதே வண்டியில் வந்து இறங்கியது.

"நாப்பத்தோரு பேர் காசு குடுத்தாங்க. நாப்பத்தோரு பேரும் பெட்டி மேல பேர் போடணும்னாங்க. சரி, போட்டேன். அரிசி மண்டிக்காரர், என் பேர் ஏன் ரெண்டாவதா இருக்குன்னு கேக்கறார். மெடிக்கல் ஷாப்காரர், என் பேர் ஏன் கால்மாட்டுல இருக்குன்னு மூஞ்சியைத் தூக்கி வெச்சிக்கிட்டார். மர வாடிக்காரர் இருக்காரே, உசுரோட இருக்கற என் பேரைப் பொணப் பெட்டியில எழுதுவியான்னு சண்டைக்கு வந்தார். சரின்னு அழிச்சேன். மறுநாள் வந்து, என் பேர் மட்டும் ஏன் இல்லைன்னு சண்டை!"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, மறுபடி எழுதினேன். இப்ப ரிப்பன் யார் வெட்டறதுன்னு மூணு கூட்டம் போட்டாச்சு."

"ரிப்பனா?"

"நாளன்னைக்கு ஞாயித்துக்கிழமை திறப்பு விழாம்மா. பந்தல், மைக் செட், எல்லாருக்கும் சால்வை..."

"திறப்பு விழாவுக்கு உள்ளே யாரைப் படுக்க வைக்கப் போறீங்க?"

பொன்னுரங்கம் நிமிர்ந்து பார்த்தார். அம்மாவின் முகத்தில் சிரிப்பு இல்லை. சிரிப்பதா வேண்டாமா என்று தெரியாமல் இவர் மறுபடி கீரையைப் பார்த்துக்கொண்டார்.

"வெந்த புண்ணுல வேலைப் பாய்ச்சாதீங்கம்மா. இன்னைக்குக் காலையில நடந்ததைக் கேளுங்க. பள்ளிக்கூடத் தெருவுல கொத்தனார் மாசிலாமணி இருக்கானில்ல, அவன் சம்சாரம் விடியக்காலையில தவறிடுச்சு. ஒரே பொண்ணு. மஸ்கட்ல வீட்டு வேலைக்குப் போயிருக்கு. நாளைக்குச் சாயங்காலம்தான் வந்து சேருமாம். டவுன்ல இருக்கற பெட்டியெல்லாம் வேற வேற சாவுக்குப் போயிடுச்சாம். என் கடை வாசல்ல வந்து கையைக் கட்டிக்கிட்டு நிக்கறான்."

"குடுத்தீங்களா?"

கீரை உருவிய கை நின்றது.

"எப்படிம்மா குடுக்கறது? காசு குடுத்தவங்க கமிட்டியில ஒருத்தனும் ஒத்துக்கலை. ரிப்பன் வெட்டறதுக்கு முன்னாடி ஒரு பொணத்தை வெச்சு எடுத்துட்டா, அப்புறம் பழைய பெட்டியையா திறந்து வைக்கறதுன்னு கேக்கறாங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"ரெண்டு நாள் பொறுத்துக்கன்னு சொன்னேன்."

"யாரை?"

பொன்னுரங்கம் வாயைத் திறந்தார். வந்தது கோபம்தான்.

"என்னையே கேளுங்க! நாயா அலைஞ்சவன் நான். செருப்புத் தேஞ்சது எனக்கு. இப்ப கொத்தனாருக்கும் நான் கெட்டவன், கமிட்டிக்கும் நான் கெட்டவன். இந்த ஊருக்கு நல்லது செய்ய வந்தவனைச் சொல்லணும்!"

அம்மா மடியை உதறிவிட்டு எழுந்தார்.

"பெட்டியைப் பாக்கணும்."

"இப்பவா?"

"நான் பாக்கறதுக்கும் ரிப்பன் வெட்டணுமா?"

பொன்னுரங்கம் செருப்பைத் தேடினார்.

கடையின் பின்கட்டில், பெயின்ட் டின்களுக்கு நடுவே, தார்ப்பாயைப் போர்த்திக்கொண்டு இருந்தது பெட்டி. பொன்னுரங்கம் தார்ப்பாயை இழுத்தார். அடிப்பாகம் பளபளவென்று எவர்சில்வர், மேலே கண்ணாடி மூடி. நான்கு பக்கமும் பேர்கள். பக்கவாட்டில் இடம் போதாமல் கண்ணாடி மேலேயும் ஏறியிருந்தன. நல்ல எனாமல் பெயின்ட், தேர்ந்த கை. தலைமாட்டுக் கண்ணாடியில் மட்டும் கொட்டை எழுத்தில், தங்கக் கலரில், 'முயற்சி: பொன்னுரங்கம் பெயின்ட்ஸ்' என்று இருந்தது. அடியில் செல் நம்பர்.

"இது என்ன?"

"பெட்டி வேணும்னா யாரைக் கூப்பிடறதுன்னு ஜனங்களுக்குத் தெரியணுமில்லம்மா."

"காலையில ஒருத்தர் கூப்பிடாமலே வந்தாரே."

பொன்னுரங்கம் காதில் வாங்காதவர் போல ஒரு டின்னை நகர்த்தி வைத்தார்.

"ஸ்விட்சைப் போடுங்க" என்றார் அம்மா.

பெட்டி உறுமியது. அம்மா தானே மூடியைத் தூக்கினார். புடவையைச் சேர்த்துப் பிடித்துக்கொண்டு உள்ளே ஏறி, மல்லாந்து படுத்துவிட்டார். சுண்ணாம்பு வாங்க வந்த ஒருவர் அதைப் பார்த்து, வாங்காமலே போய்விட்டார்.

"ஐயோ அம்மா! அபசகுனம்! எந்திரிங்க!"

"மூடியை மூடுங்க, முதலாளி."

"என்னால முடியாது."

"மூடுங்க."

மூடினார்.

"என் மூஞ்சி தெரியுதா, பாருங்க." உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

பொன்னுரங்கம் குனிந்து பார்த்தார். 'பொன்னுரங்கம்' என்று தெரிந்தது. இடப்பக்கம் நகர்ந்து பார்த்தார். அரிசி மண்டிக்காரர் மறைத்தார். வலப்பக்கம் போனார். செல் நம்பரின் பாதி நெற்றி மேல் விழுந்திருந்தது. இரண்டு எழுத்துக்கு நடுவே ஒரு கண் மட்டும் கிடைத்தது. சரியாகப் பார்க்கலாமென்று கிட்டே போனால் அதுவும் போய்விட்டது. கண் மூடியிருந்ததா, திறந்திருந்ததா என்று சொல்ல முடியவில்லை.

"அம்மா?"

பதில் இல்லை.

"அம்மா!"

பெட்டியின் உறுமல்தான் கேட்டது. பெட்டியைச் சுற்றி ஓடி, கால்மாட்டிலிருந்து எட்டிப் பார்த்தார். அங்கே மெடிக்கல் ஷாப்காரர். பக்கத்தில் மர வாடி. ஒரு முகத்தைப் பார்க்க இத்தனை பேரிடம் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறதே என்று அவருக்கு ஆத்திரமாக வந்தது. பயமாகவும் இருந்தது. தாங்க முடியாமல் மூடியைப் பிடுங்கித் தூக்கினார்.

அம்மா எழுந்து உட்கார்ந்து, கைகளைத் தேய்த்துவிட்டுக்கொண்டார்.

"தெரிஞ்சுதா?"

"தெரியலை."

அம்மா இறங்கி, ஒரு பெயின்ட் டின்னைக் கவிழ்த்துப் போட்டு அதன் மேல் உட்கார்ந்தார்.

பொன்னுரங்கம் கடைக்குள் போய் ஒரு பாட்டில் தின்னரும், பழைய துணியும், பட்டி பார்க்கும் தகடும் எடுத்து வந்தார். தன் பேரைத்தான் முதலில் சுரண்டினார். அதுதான் முகத்துக்கு நேராக இருந்தது. தங்கக் கலர் லேசில் போகவில்லை. பெயின்ட் நல்ல பெயின்ட். அவரே விற்பது.

செல் நம்பரையும் துடைத்துவிட்டு, அரிசி மண்டிக்காரருக்கு வந்தபோது கை நின்றுவிட்டது.

"அம்மா, நாப்பத்தோரு பேரும் என் சட்டையைப் பிடிப்பாங்க. பேர் போடறேன்னு வாக்குக் குடுத்துதான் காசு வாங்கினேன். நான் என்ன பதில் சொல்றது?"

"வாக்குக் குடுத்தா காப்பாத்தணும்."

"அழிச்சிட்டு எப்படிம்மா காப்பாத்தறது?"

அம்மா எழுந்து வாசல் பக்கம் போனவர், திரும்பினார்.

"நாளைக்குச் சாயங்காலம் அந்தப் பொண்ணு வரும். குனிஞ்சு இந்தக் கண்ணாடி வழியா அதோட அம்மா மூஞ்சியைப் பாக்கும். அப்ப நீங்க பக்கத்துல போய் நின்னு, நாப்பத்தோரு பேரையும் சத்தமா படிச்சுடுங்க. உங்க பேர்ல இருந்து ஆரம்பிங்க."

பொன்னுரங்கம் துணியைத் தின்னரில் நனைத்துக்கொண்டு அடுத்த பேருக்குப் போனார்.